ஒழுக்கவியலுக்குப் பாடசாலையில் இடமில்லையா?

ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுமளவுக்கு இந்நாட்டுப் பாடசாலைகள் வேறெதைப் பற்றியும் பேசுவதில்லை. காலைப் பிரார்த்தனை முதல் பரிசளிப்பு விழாவிலே பிரதம விருந்தினர் ஆற்றும் உரை ஈறாக எங்கும் ஒழுக்கமே முழங்குகின்றது. வகுப்பறைச் சுவர்களிலே அது வர்ணந் தீட்டி எழுதப்பட்டிருக்கின்றது. மாணவ முதல்வரின் சட்டையிலே சின்னமாகக் குத்தப்பட்டிருக்கின்றது. ஆயின் ஒழுக்கவியல், அதாவது நன்று எது தீது எது என்பதோடு நில்லாது, ஒன்றை நன்றென்பதற்கு ஆதாரம் யாது என்பதையும் ஆராய்கின்ற மெய்யியற் கிளை, ஒரு பாடமாகப் பாடசாலையின் படியை மிதித்ததில்லை. க.பொ.த. சாதாரண தரம் வரை சமயம் கட்டாய பாடம். உயர்தரக் கலைப்பிரிவிலே அளவையியலும் விஞ்ஞான முறையும் என்றொரு பாடம் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையிலே ஒழுக்கவியல் தவறி விழுந்து காணாமற் போய்விட்டது. சமய பாடம் முடிபுகளைத் தருகின்றது. அவற்றுக்கு நியாயம் கேட்கும் வழக்கம் அங்கில்லை. அளவையியல் நியாயம் கேட்கப் பயிற்றுகின்றது. ஆனால் மனிதன் மனிதனுக்குச் செய்வன பற்றிய முடிபுகளை அது பெரும்பாலும் தீண்டுவதில்லை. எல்லா மனிதரும் இறப்பவர், சோக்கிரட்டீஸ் மனிதர், ஆகவே சோக்கிரட்டீஸ் இறப்பவர் என ஆயிரந் தடவை எழுதும் மாணவன், அந்த மனிதர் எதற்காக நஞ்சருந்தினார் என்ற வினாவைப் பாடசாலைக் காலம் முழுவதிலும் ஒரு தடவையேனும் சந்திக்காது வெளியேறலாம்.

இந்த இடைவெளியைச் சிறியதென்று கொள்வோர் பலர். நல்லொழுக்கம் வீட்டிலே தொடங்குவது, கோயிலிலே வளர்வது, பாடசாலையிலே மெருகு பெறுவது. அதனை ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டியதில்லை என்பது அவர்தம் கருத்து. கேட்பதற்கு இனிமையான கருத்துத்தான். ஆனால் ஆராயாது பெறப்பட்ட ஒழுக்கத்துக்கு என்ன நேர்கின்றது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

மிக எளிய ஓர் உதாரணம். சினத்தைத் தணித்துக்கொள்ள வேண்டுமென ஔவையாரின் ஆத்திசூடி சொல்கின்றது. சினத்தைப் பயில வேண்டுமெனப் பாரதியாரின் புதிய ஆத்திசூடி சொல்கின்றது. இரண்டையும் ஒரே பிள்ளை மனனஞ் செய்கின்றது. பேச்சுப் போட்டியின் தலைப்பு பொறுமையாயின் ஔவையார் மேடையேறுவார்; புரட்சியாயின் பாரதியார் ஏறுவார். இரண்டுக்கும் முதற்பரிசு கிடைக்கும். எந்தச் சினம் தணியவேண்டியது, எந்தச் சினம் பயிலப்படவேண்டியது, அதனைப் பிரித்தறிவதற்குரிய உரைகல் யாது என்ற வினாவை மட்டும் எவரும் அப்பிள்ளையிடம் கேட்பதில்லை. கேட்கப்படாதபடியால் அதற்கு விடை தேடவேண்டிய தேவையும் எழுவதில்லை. இவ்வாறு கற்ற ஒழுக்கம், வேண்டிய பொழுது வேண்டியதை எடுத்துக்கொள்ளும் மேற்கோட் களஞ்சியமாகவே எஞ்சுகின்றது.

இனி இதனிலும் கனமான ஒன்றை நோக்கலாம். பொய் சொல்லலாகாது என்பது முதலாந் தரத்துப் பிள்ளையும் அறிந்த விதி. திருக்குறளின் 30ஆம் அதிகாரமாகிய வாய்மை, தமிழ் படித்த எவருக்கும் புதியதன்று. அவ்வதிகாரத்தின் முதற் குறள் தரும் வரைவிலக்கணமே சிந்தனைக்குரியது. நடந்ததை நடந்தவாறு கூறல் வாய்மை என்று வள்ளுவர் சொல்லவில்லை. எவருக்கும் எத்தகைய கேடும் விளைக்காத சொல்லையே அவர் வாய்மை என்கின்றார். இரண்டாங் குறள் மேலும் ஒரு படி சென்று, மாசற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையோடு ஒருங்கு வைத்து எண்ணப்படும் என்கின்றது. மூன்றாங் குறளோ, அறிந்துகொண்டே பொய்யுரைப்பவனை அவனது மனச்சாட்சியே வருத்தும் என எச்சரிக்கின்றது. அடுத்தடுத்து நிற்கும் இவ்விரு குறள்களுள் ஒன்று செயலின் விளைவை நோக்குகின்றது. மற்றது செய்பவனின் உள்ளத்தை நோக்குகின்றது. பிறர் நன்மைக்காகச் சொல்லப்படும் பொய்யும் அறிந்து சொல்லப்படும் பொய்தானே? அதற்காக மனச்சாட்சி வருத்துமா, வருத்தாதா? வருத்தாதெனின் மூன்றாங் குறளின் எல்லை யாது? மேலைநாட்டு ஒழுக்கவியலார் நூற்றாண்டுகளாக மோதிக்கொண்டிருக்கும் களம் இதுவேயாகும். விளைவே செயலின் தகுதியைத் தீர்மானிக்கின்றதெனப் பயன்பாட்டுவாதிகள் ஒருபுறம் நின்றனர். கடமை விளைவுக்குக் கட்டுப்படாதெனக் காண்ட் மறுபுறம் நின்றார். 1797இல் எழுதிய சிறு கட்டுரையொன்றிலே அவர் தமது கொள்கையை அதன் இறுதி விளிம்பு வரை கொண்டுசென்றார். கொலைகாரன் ஒருவன் கதவைத் தட்டி, தான் துரத்திவந்தவன் உள்ளே இருக்கின்றானா என வினவினால், அவனிடத்துங்கூடப் பொய்யுரைத்தல் ஆகாது என்று வாதிட்டார்.

பிறநாட்டு வகுப்பறைகளிலே இது கற்பனை உதாரணம். 1983 யூலையிலே கொழும்பில் அது கற்பனையாக இருக்கவில்லை. காடையர் வாசலில் நின்று தமிழரைத் தேடியபொழுது, அயல்வீட்டாரை உள்ளே மறைத்துவைத்துக்கொண்டு, இங்கே எவருமில்லை என்றுரைத்த சிங்கள மக்கள் பலர். அந்தப் பொய்யினால் உயிர் தப்பியோர் பலர். அவர்கள் செய்தது சரியென எவரும் உடனே சொல்வர். ஏன் சரி? விளைவு நல்லது என்பதனாலா? கேட்டவனுக்கு உண்மையைப் பெறும் உரிமை இல்லை என்பதனாலா? பொய் சொல்லாமை என்ற கடமையினும் உயிர் காத்தல் என்ற கடமை பெரிது என்பதனாலா? இம்மூன்றும் வெவ்வேறு விடைகள். வேறொரு வாசலிலே, வேறொரு கேள்வியின் முன்னே, இவை மனிதனை வெவ்வேறு திசைகளுக்கு இட்டுச்செல்லும். இத்துணை விலை கொடுத்து இவ்வினாவைப் பெற்றுக்கொண்ட ஒரு நாட்டின் பாடசாலைகளிலே, வாய்மை அதிகாரம் பதவுரை பொழிப்புரையோடு முடிந்துவிடுகின்றது.

இங்கே தமிழ் மாணவருக்கு உவப்பளிக்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1990 ஒக்ரோபர் இறுதியிலே வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். 1983ஐப் பற்றிப் பேசும்பொழுது நேராக நிற்கும் அளவுகோல், 1990ஐப் பற்றிப் பேசும்பொழுது வளைந்துகொடுக்கின்றது. அன்றைய சூழ்நிலை, பாதுகாப்புத் தேவை, தவிர்க்கமுடியாமை என்ற சொற்கள் அப்பொழுது வரிசையாக வந்து நிற்கின்றன. இச்சொற்களையே பிறர் 1983க்குச் சமாதானமாகக் கூறினால் அவை எவ்வளவு அருவருப்பானவை என்பது எல்லோருக்கும் விளங்கும். ஒரு செயலைத் தீதென்று தீர்ப்பதற்கு எந்த நியாயம் காரணமாயிற்றோ, அந்நியாயம் பொருந்தும் இடமெங்கும் அதே தீர்ப்பை வழங்கியாக வேண்டும் என்பது ஒழுக்கவியலின் அரிச்சுவடி. காண்ட் அதனைப் பொதுவிதியாக்கத்தக்க தன்மை என்றார். இவ்வரிச்சுவடியைப் பதினாறு வயதிலே படிக்காதவர்கள், நாற்பது வயதிலே அரசியல் மேடைகளில் அதனைக் கற்றுக்கொள்வார்கள் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு ஊரைக் குறைகூறுவதும் நேர்மையாகாது. பகிடிவதை என்னும் பெயரால் வழங்கும் கொடுமை இங்கே வாழ்கின்றது. 1997இல் பேராதனையிலே ஒரு மாணவரின் உயிர் அதனாற் போனது. அடுத்த ஆண்டு, 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அதன் பின்னரும் அது ஒழியவில்லை. இதனைச் செய்வோர் யாவர்? சாதாரண தரப் பரீட்சையிலே சமய பாடத்தில் அதிவிசேட சித்தி பெற்றவர்களும் அவர்களுள் உளர். அவர்கள் தமது செயலுக்குக் கூறும் நியாயங்களைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால், பாடசாலை எதைக் கற்பிக்கத் தவறியதென்பது புலனாகும். நாங்களும் பட்டோம், ஆகவே நீங்களும் படவேண்டும் என்பது ஒரு நியாயம். நடந்து வந்தது என்பதிலிருந்து நடக்கவேண்டும் என்பதற்குத் தாவும் பிழை இது. 18ஆம் நூற்றாண்டிலேயே ஹியூம் இத்தாவலைச் சுட்டிக்காட்டியிருக்கின்றார். புதிய மாணவர்கள் தாமாகவே சம்மதித்தார்கள் என்பது இன்னொன்று. மறுத்தால் நான்கு ஆண்டுகள் தனித்துவிடப்படுவாய் என்ற அச்சுறுத்தலின் கீழ்ப் பெறப்படும் சம்மதம் சம்மதமாகுமா என்ற வினா அவர்களுக்குத் தோன்றுவதில்லை. எல்லாவற்றிலும் விசித்திரமானது சமத்துவ வாதம். பணக்காரப் பிள்ளையையும் ஏழைப் பிள்ளையையும் ஒரே தரையில் உருட்டுவதால் ஏற்றத்தாழ்வு ஒழிகின்றதாம்! எல்லோரையும் சமமாக அவமதிப்பது எல்லோரையும் சமமாக மதிப்பதற்கு ஒப்பாகும் என்று எண்ணுகின்ற அளவுக்கு, முற்போக்குச் சொற்கள் பயின்ற மாணவர்களிடமே சிந்தனை வறண்டு கிடக்கின்றது. உருட்டுபவர் நிமிர்ந்து நிற்க உருட்டப்படுபவர் தரையில் கிடக்கும் காட்சியிலே சமத்துவம் எங்கே இருக்கின்றதென்று கேட்கும் துணிவு முதலாம் வருட மாணவனுக்கு இருக்கலாம். அதனை வாதமாக வடித்துக் கூறும் பயிற்சியை எவரும் அவனுக்கு அளித்ததில்லை.

சமயம் இருக்க ஒழுக்கவியல் எதற்கு என்பதே எதிர்ப்புகளுள் வலிமையானது. சமயத்தைப் பழிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. சமயங்களின் பெயரால் இவ்வாதத்தை எழுப்புவோர் தத்தம் சமயத்தின் பெருமையையே குறைக்கின்றனர் என்பதுதான் சொல்லவேண்டியது. மணிமேகலைக் காப்பியத்தை எடுத்துக்கொள்ளலாம். 27ஆம் காதையிலே மணிமேகலை வஞ்சி நகரில் அளவைவாதி தொடக்கம் பூதவாதி ஈறாகப் பல சமயத்தாரின் கொள்கைகளையும் அவரவர் வாயாலேயே கேட்டறிகின்றாள். 29ஆம் காதையிலே அறவண அடிகள் அவளுக்கு அளவையியலைக் கற்பிக்கின்றார். நல்ல ஏது எது, போலி ஏது எது என்று பிரித்துக் காட்டுகின்றார். நோன்பு அதற்குப் பின்னரே வருகின்றது. சைவ சித்தாந்த சாத்திரங்களுள் ஒன்றாகிய சிவஞான சித்தியாரின் ஒரு பாதி, பரபக்கம். உலகாயதர், பௌத்தர், சமணர் முதலியோரின் வாதங்களை முதலில் அவர்கள் சொல்லுமாறே எடுத்துரைத்துப் பின்னர் மறுக்கும் பகுதி அது. மறுப்பதற்கு முன் மாற்றானின் வாதத்தை முழுமையாகக் கேட்கவேண்டும் என்ற ஒழுக்கம் அந்நூலின் அமைப்பிலேயே அடங்கியிருக்கின்றது. அங்குத்தர நிகாயத்திலுள்ள காலாம சூத்திரத்திலே புத்தர், மரபு என்பதற்காகவோ ஆசிரியர் சொன்னார் என்பதற்காகவோ ஒன்றை ஏற்கவேண்டாம் என்கின்றார். பேராதனையில் மெய்யியற் பேராசிரியராக விளங்கிய கே. என். ஜயதிலக்க, ஆதி பௌத்தத்தின் அறிவுக்கொள்கை பற்றி 1963இல் வெளியிட்ட பெருநூலிலே இத்தகைய ஆராய்வு மனப்பான்மையை விரிவாக விளக்கியுள்ளார். இவ்வளவு வாதச் செழுமை வாய்ந்த மரபுகள், பாடசாலையின் சமய பாடத்திலே திருவிழாக்களின் பட்டியலாகவும் பெரியோர் வரலாற்றுச் சுருக்கமாகவும் சுருங்கிப்போயின.

இன்னுமொன்று. இந்நாட்டின் பல சமயப் பிள்ளைகள் கூடிப் பயிலும் பாடசாலையொன்றின் நேரசூசியைப் பார்க்கலாம். கணிதத்துக்கு எல்லோரும் ஒருங்கிருப்பர். விஞ்ஞானத்துக்கும் அவ்வாறே. நன்மை தீமை பற்றிப் பேசும் அந்த ஒரு பாடவேளை வந்ததும், சைவப் பிள்ளை ஓரிடத்துக்கும் இஸ்லாமியப் பிள்ளை ஓரிடத்துக்கும் கிறிஸ்தவப் பிள்ளை ஓரிடத்துக்கும் பௌத்தப் பிள்ளை ஓரிடத்துக்கும் கலைந்து செல்வர். எதைப் பற்றி ஒருவரோடொருவர் பேசக் கற்கவேண்டுமோ, அதைப் பற்றியே ஒருவர் மற்றவருக்குக் கேளாதபடி பேசுவதற்குப் பாடசாலை பயிற்றுகின்றது. பேர்லின் மாநிலம் இச்சிக்கலை நேரே எதிர்கொண்டது. 2006 முதல் அங்கே ஏழாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஒழுக்கவியல் எல்லா மாணவருக்கும் பொதுவான கட்டாய பாடமாயிற்று; சமய வகுப்பு விரும்பியோருக்கெனத் தொடர்ந்தது. இரண்டிலொன்றைத் தெரிவுசெய்யும் உரிமை வேண்டுமெனக் கோரியோர் 2009இல் பொதுவாக்கெடுப்பு வரை சென்றும் வெற்றிபெறவில்லை. கோயிலையோ பள்ளிவாசலையோ தேவாலயத்தையோ அங்கு எவரும் மூடிவிடவில்லை. வெவ்வேறு வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் ஒரே அறையிலிருந்து ஒரே வினாவைப் பேசவேண்டும் என்பதே ஏற்றுக்கொள்ளப்பட்டது.

கடவுள் விரும்புவதால் ஒன்று நல்லதாகின்றதா, நல்லதாயிருப்பதால் அதனைக் கடவுள் விரும்புகின்றாரா என்ற வினா பிளேட்டோவின் யூதிப்புரோ உரையாடலிலே எழுப்பப்பட்டது. பக்தி மிக்க மாணவன் இவ்வினாவினால் பக்தியை இழந்துவிடுவான் என்று அஞ்சுவோர், அப்பக்தியைப் பற்றி எவ்வளவு தாழ்வான மதிப்பு வைத்திருக்கின்றனர்!

பிள்ளைகளுக்கு வயது போதாது என்பது அடுத்த எதிர்ப்பு. இதற்கு நீண்ட மறுப்புத் தேவையில்லை. அமெரிக்காவிலே மத்தியூ லிப்மன் என்ற மெய்யியலாளர், சிறுவருக்கென மெய்யியற் கதைகள் எழுதி, அவற்றை வகுப்பறையில் வாதிக்கச் செய்யும் முறையை 1970களிலிருந்தே வளர்த்தெடுத்தார். அதைவிட, பந்தடிக்கும் மைதானத்திலே ஒரு பத்து வயதுப் பிள்ளை, இது நியாயமில்லை என்று கத்துவதைக் கேட்ட எவரும் இந்த எதிர்ப்பைக் கைவிடுவர். பரீட்சையில் எவ்வாறு புள்ளியிடுவது என்போரும் உளர். பிரான்சின் உயர்நிலைப் பாடசாலை இறுதிப் பரீட்சையிலே மெய்யியலுக்கு நான்கு மணித்தியால வினாத்தாள் உண்டு. மாணவன் எந்த முடிபுக்கு வந்தானென்பதை விட்டு, அம்முடிபுக்கு எவ்வழியால் வந்தான் என்பதைப் பரீட்சகர் மதிப்பிடுகின்றார். ஒற்றைச் சொல் விடைகளையும் பல்தேர்வு வினாக்களையும் திருத்திப் பழகிய கைகளுக்கு அது சிரமந்தான். சிரமத்துக்குச் சம்பளம் உண்டு.

ஒழுக்கவியல் கற்றவன் ஒழுக்கமுடையவனாகி விடுவானா என்று எள்ளி நகையாடுவோருக்கு, ஆகமாட்டான் என்பதே நேர்மையான விடை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலிலே, தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்ட மக்களை உள்ளே நுழையவிடாது மறித்து நின்றோருக்கு முன்னின்றவர், கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்த ஒருவர். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலேயே இயற்றப்பட்டிருந்தது. கல்வியும் சட்டமும் பக்தியும் ஆகிய மூன்றும் அவ்வாயிலிலே கூடியிருந்தும் கதவு தானாகத் திறந்துவிடவில்லை, திறந்தது போராட்டம். ஆனால் அப்போராட்டம் கேட்ட கேள்வி ஓர் ஒழுக்கவியற் கேள்வி: எந்த வேறுபாட்டின் பேரில் எனக்கு இந்த வேறுபாடு? மறித்தவர்களிடம் வழக்கம் என்ற ஒரு சொல்லைத் தவிர அதற்கு விடை இருக்கவில்லை. ஒழுக்கவியல் நல்லவரை உற்பத்தி செய்யும் தொழிற்சாலையன்று. அக்கேள்வியைக் கேட்பவர்களின் தொகையைப் பெருக்குவதும், வழக்கம் என்ற விடையின் விலையைக் குறைப்பதும் அதனால் இயலும். அவ்வளவு இயன்றாற் போதும்.

அதேவேளை, ஒழுக்கவியலை ஆதரிக்கும் சிலரிடமிருந்தும் அதனைக் காப்பாற்ற வேண்டியிருக்கின்றது. காண்டின் பிறப்பு, வாழ்க்கை, நூல்கள். பயன்பாட்டுவாதத்தின் வரைவிலக்கணம், நன்மைகள் ஐந்து, குறைபாடுகள் ஐந்து என்று குறிப்புச் சொல்லி எழுதுவிப்பதாயின் அப்பாடம் வராமலிருப்பதே மேல். ஔவையாரை மனனஞ் செய்த பிள்ளை காண்டையும் மனனஞ் செய்யும்; தனியார் கல்வி நிலையங்களின் விளம்பரப் பலகையிலே இன்னுமொரு பாடத்தின் பெயர் ஏறும்; வேறொன்றும் நிகழாது. விழுமியக் கல்வி என்ற பெயரிலே அவ்வப்போது முன்வைக்கப்படும் திட்டங்கள் பலவற்றின் கதியும் இதுவே. விழுமியங்களின் பட்டியலை நீட்டுவதும் அவற்றைப் பரிசோதிக்கக் கற்பதும் வேறு வேறு வேலைகள்.

புதிய பாடமொன்றுக்கு ஆசிரியரும் நேரமும் இல்லை என்ற முறைப்பாடு உண்மையாயிருப்பினும், இதற்கு அது பொருந்தாது. அளவையியலும் விஞ்ஞான முறையும் என்ற பாடம் ஏற்கெனவே உயர்தரத்தில் உண்டு. அதனைக் கற்பிப்போருள் மெய்யியற் பட்டதாரிகள் உளர். பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் ஒழுக்கவியலை ஒரு பாடநெறியாகப் பயின்றே அவர்கள் வெளியேறினர். கற்ற அந்தப் பகுதியைப் பாடசாலை வாயிலிலே கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்லுமாறு பாடத்திட்டம் அவர்களைப் பணிக்கின்றது. பொப்பரையும் கூனையும் உயர்தர மாணவன் விளங்கிக்கொள்வானாயின் மில்லையும் காண்டையும் விளங்கிக்கொள்ளமாட்டான் என்பதற்கு ஆதாரமில்லை. அப்பாடத்தை மெய்யியல் எனப் பெயர்மாற்றி, அளவையியலையும் விஞ்ஞான முறையையும் சற்று ஒடுக்கி, மூன்றிலொரு பங்கை ஒழுக்கவியலுக்கு ஒதுக்கினால், ஓர் ஆசிரிய நியமனந்தானும் மேலதிகமாக வேண்டியதில்லை.

பாடநூல் இல்லை என்பது மட்டும் மெய்யான குறை. அதற்கு அரசைக் குறைகூறும் முன்னர் பல்கலைக்கழக மெய்யியல் துறைகளையே கேட்கவேண்டும். வாய்மை அதிகாரத்தின் முதல் மூன்று குறள்கள், மணிமேகலையின் 29ஆம் காதை, சித்தியார் பரபக்கத்தின் ஒரு பகுதி, காலாம சூத்திரம், யூதிப்புரோ உரையாடலின் நடுப்பகுதி, கொலைகாரனும் கதவும் பற்றிய காண்டின் கட்டுரை ஆகியவற்றை ஒவ்வொன்றின் கீழும் நான்கு ஐந்து வினாக்களோடு ஒரே தொகுதியாக்கினால் உயர்தர மாணவனுக்கு முதலாண்டுக்குப் போதுமானது. இவற்றுள் பாதி தமிழிலேயே பிறந்தவை. காண்டின் கட்டுரை சில பக்கங்களே கொண்டது. அதனைத் தமிழிலே பெயர்த்தெழுதுவதற்கு ஒரு தவணை விடுமுறை போதும்.